‘மற்றும் குழுவினர்’ அல்ல ரிங்கோ: ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு திறந்த மடல்

ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும், அமெரிக்காவின் கிளீவ்லாந்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் தேர்வுக் குழுவினருக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும்,

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவை 1988-இல் உங்கள் மண்டபத்தில் சேர்த்தீர்கள். பிறகு நால்வரையும் தனித்தனியாகவும் சேர்த்தீர்கள். ஜான் லெனன் 1994-இல், பால் மெக்கார்ட்னி 1999-இல், ஜார்ஜ் ஹாரிசன் 2004-இல். மூவரும் ‘பெர்ஃபார்மர்’ (நிகழ்த்துக் கலைஞர்) என்ற முதன்மைப் பிரிவில் வந்தார்கள். டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 2015 ஏப்ரலில்தான் வந்தார், அதுவும் அந்தப் பிரிவில் இல்லை. ‘இசைச் சிறப்பு விருது’ என்ற வேறொரு பிரிவில் அவரை உட்கார வைத்தீர்கள். அந்தப் பிரிவுக்கு நீங்கள் முதலில் வைத்திருந்த பெயர் ‘சைட்மேன்’. பக்கவாத்தியக்காரர் என்று நாங்கள் சொல்வோமே, அதுதான்.

இது பல வருடமாக என் மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது. நான் திருச்சியில் மெல்லிசைக் குழுக்களில் 34 வருடம் டிரம்ஸ் வாசித்தவன். இப்போது வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். போன மாதம் என் மாணவன் ஒருவன், பதினான்கு வயது, உங்கள் பட்டியலைப் போனில் பார்த்துவிட்டு, “சார், மூணு பேரு ஒரு லிஸ்ட்ல இருக்காங்க, டிரம்மர் மட்டும் வேற லிஸ்ட்ல இருக்காரே, ஏன்?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவன் கீபோர்டு படிக்க வேண்டும் என்பது அவன் அப்பாவின் ஆசை. டிரம்ஸ் வாசிக்கிறவன் முகம் மேடையில்கூடத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். உங்கள் பட்டியல் அவர் பேச்சுக்குத்தான் பலம் சேர்க்கிறது. அதனால்தான் இனியும் சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

1996-இல் ஒரு பக்திப் பாடல் கேசட்டுக்கு வாசித்தேன். மொத்தம் எட்டுப் பாட்டு. இசையமைத்தவர் கீபோர்டில் மெட்டை ஒரு தடவை வாசித்துக் காட்டுவார், “நீங்களே ஏதாவது ரிதம் போட்டுக்குங்க” என்பார். எனக்குக் கிடைத்த குறிப்பு அவ்வளவுதான். மூன்றாவது பாட்டு எவ்வளவு முயன்றும் எழவே இல்லை. பல்லவி முடிந்து சரணத்துக்குள் நுழையும் இடத்தில் காலால் அடிக்கும் கிக் டிரம்மை அப்படியே நிறுத்திவிட்டு, முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்மின் விளிம்பில் மட்டும் குச்சியால் தட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பாடகி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பாட்டு வந்துவிட்டது. அடுத்த டேக்கிலேயே ஓகே. கேசட் வெளிவந்ததும் உறையைப் பிரித்துப் பார்த்தேன். பாடியவர், இசை, பாடல்கள், ஒலிப்பதிவு, அட்டைப் படம் எடுத்தவர் வரைக்கும் பெயர் இருந்தது. கடைசி வரி: ‘மற்றும் குழுவினர்’. அந்த இரண்டு வார்த்தைக்குள்தான் நானும் இருந்தேன், தபேலாக்காரரும் இருந்தார். என் அம்மா அந்த உறையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்து வந்து, அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து, “இதுதான் என் மகன்” என்று காட்டுவார்.

‘இசைச் சிறப்பு விருது’ என்ற பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது.

ரிங்கோவை எனக்கு அறிமுகப்படுத்தியது பொன்மலை ரயில்வே காலனி. பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அந்த வீட்டு அங்கிள் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டார் எடுப்பார். அவரிடம் இருந்த பீட்டில்ஸ் கேசட்டுகள் தேய்ந்து தேய்ந்து வால்யூம் கூட்டினால்தான் கேட்கும். நான் ‘கம் டுகெதர்’ பாட்டின் தொடக்கத்தைத் தகர டப்பாக்களில் அடித்துப் பழகினேன். ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டுகளில் தொடங்கி டாம் என்ற டிரம்களின் மேல் உருண்டு இறங்கும் அந்த வாசிப்பு என் கைக்கு மட்டும் சட்டென்று அமைந்தது. என்னைவிட நன்றாக வாசிக்கும் பையன்கள் அதில் திணறினார்கள். காரணம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான் நொட்டாங்கைக்காரன். ரிங்கோவும் அப்படித்தான்.

எங்கள் ஆச்சி என் இடது கையில் பென்சிலைப் பார்த்தால் புறங்கையில் ஒன்று போடுவார். லிவர்பூலில் ரிங்கோவின் பாட்டியும் இடது கைப் பழக்கத்தை மாற்றி அவரை வலது கையால் எழுத வைத்திருக்கிறார். எழுத்து மாறியது, உடம்பு மாறவில்லை. வலது கைக்காரர்களுக்காக அமைத்த டிரம்ஸ் செட்டில் உட்கார்ந்து இடது கையை முன்னால் விட்டு வாசித்தார். வலது கைக்காரர் ஸ்னேரிலிருந்து தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் வரை தடையில்லாமல் ஓடுவார். இடது கை முந்தினால் அது முடியாது. கைகள் ஒன்றையொன்று தாண்ட ஒரு நொடித் துணுக்கு தேவைப்படும். அந்தத் துணுக்கு இடைவெளிதான் ரிங்கோவின் ஃபில்களில், அதாவது வரிகளுக்கு நடுவே நிரப்பும் சிறு வாசிப்புகளில், நாம் கேட்கும் தயக்கம், அந்தச் சாய்வு. அவருக்கு அது முறைப்படி வந்த பாடம் இல்லை. ஆறு வயதில் குடல்வால் வெடித்து மாதக்கணக்கில் மருத்துவமனை. பதின்மூன்றில் காசநோய், மறுபடி சுமார் இரண்டு வருடம். அங்கே நோயாளிப் பிள்ளைகளுக்காக நடத்திய இசை வகுப்பில்தான் தாள வாத்தியம் கையில் வந்தது. பதினேழு வயதில் மாற்றுத் தந்தை ஒரு பழைய டிரம்ஸ் செட் வாங்கித் தந்தார். இப்படிப்பட்ட ஒருவர் வாசித்ததைத்தான் அத்தனை டிரம்மர்களும் இன்றைக்கும் நகல் எடுக்கப் பார்க்கிறார்கள்.

இனி வாசிப்பைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

1966-இல் வந்த ‘ரெயின்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தன் வாசிப்பிலேயே சிறந்தது இதுதான் என்று ரிங்கோவே பல தடவை சொல்லியிருக்கிறார். பாடகர் சொல்லை இழுக்கும் இடத்திலெல்லாம் ஸ்னேர் புகுந்து இழுப்பை வெட்டுகிறது. அதன் அடித்தளத்தை வேகமாக வாசித்துப் பதிவு செய்து, பிறகு நாடாவை மெதுவாக ஓட்டினார்கள். அதனால் டிரம்ஸின் சத்தம் கனத்து, ஈரத்தில் ஊறியது மாதிரி கேட்கிறது. நாடாவை மெதுவாக்கினால் சின்னப் பிசிறுகூட நீண்டு காட்டிக்கொடுத்துவிடும். அதில் பிசிறே இல்லை. என் மாணவர்களுக்கு இந்தப் பாட்டை மட்டும் மூன்று மாதம் பாடமாக வைப்பேன்.

‘எ டே இன் த லைஃப்’ பாட்டின் முதல் சரணம் முழுக்க டிரம்ஸ் கிடையாது. இரண்டாவது சரணத்தில்தான் நுழைகிறது. தோலைத் தளர்த்திய டாம்களில், லெனன் ஒரு வரி பாடி மூச்சு விடும் இடத்தில் ரிங்கோ பதில் சொல்கிறார். அடுத்த வரி, அடுத்த பதில். தாளம் பிடித்துக் கொடுப்பதோடு நிற்கும் டிரம்மர் அந்த இடத்தில் நேராக ஒரு பீட்டைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அப்படிப் போட்டிருந்தால் அந்தப் பாட்டு நாம் அறிந்த பாட்டாக இருந்திருக்காது. மெட்டு லெனனுடையதும் மெக்கார்ட்னியுடையதும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதில்களை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

1969-இல் ஹாரிசன் எழுதிய ‘ஹியர் கம்ஸ் த சன்’ நடுப்பகுதியில் எண்ணிக்கை 11, 4, 7 என்று மாறி மாறி வரும். ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்றவர், அவர் மனதில் அப்படிக் கணக்கு ஓடியதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊரில் மிருதங்கம் படிக்கிற பையனுக்கு ஏழு என்றால் மிஸ்ரம், குழந்தையிலிருந்தே காதில் விழுவது. நடன அரங்குகளில் ராக் அண்ட் ரோல் வாசித்து வளர்ந்த லிவர்பூல்காரருக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் கேட்கிறவருக்குக் கணக்கு மாறுவதே தெரியாது, வெயில் வருவது மட்டும்தான் தெரியும். அந்த மாற்றத்தைத் தைத்த கை யாருடையது என்று உங்கள் அரங்கில் யாராவது பார்வையாளருக்குச் சொல்ல வேண்டாமா?

1963 பிப்ரவரி 11-ஆம் தேதியையும் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு ஒரே நாளில், காலையில் தொடங்கி இரவு வரை, அவர்களுடைய முதல் ஆல்பத்துக்காகப் பத்துப் பாட்டைப் பதிவு செய்தார்கள். கடைசியாக எடுத்தது ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’. சளியோடு பாடிய லெனனின் தொண்டை அன்று கிழிந்த கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் அந்தப் பாட்டைக் கீழே விழாமல் தாங்கிய இரண்டு கைகளைப் பற்றி ஒரு வரி படித்ததில்லை. விடிய விடியத் திருவிழாக் கச்சேரி வாசித்தவன் நான். மணிக்கட்டு எப்போது மரத்துப்போகும், எந்த நேரத்தில் டெம்போ, அதாவது பாட்டின் வேகம், ஓட ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிவில் டெம்போ ஓடவில்லை.

உங்கள் முடிவுக்குப் பின்னால் நிற்பது பழைய ஒரு பேச்சு என்பது என் சந்தேகம். ரிங்கோ பீட்டில்ஸ் குழுவுக்குள்ளேயே சிறந்த டிரம்மர் இல்லை என்று லெனன் சொன்னதாக ஒரு நகைச்சுவை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. என் கச்சேரி நண்பர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். லெனன் அதைச் சொன்னதற்குச் சான்று எதுவும் இல்லை. வரலாற்றாய்வாளர் மார்க் லூயிசன் தேடிப் பார்த்ததில், 1980களின் தொடக்கத்தில், லெனன் இறந்த பிறகு, பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் வந்த வசனம் அது என்று தெரிந்தது. லெனன் உண்மையில் என்ன நினைத்தார் என்பதற்கு அவர் செய்ததைப் பார்த்தால் போதும். குழு பிரிந்து, யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்ற நிலையில், 1970-இல் வந்த தன் தனி ஆல்பத்துக்கு அவர் டிரம்ஸ் வாசிக்கக் கூப்பிட்டது ரிங்கோவை. அதே வருடம் ஹாரிசனும் தன் ஆல்பத்துக்கு அவரைக் கூப்பிட்டார்.

1962 செப்டம்பரில் நடந்த ‘லவ் மீ டூ’ பதிவையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். ரிங்கோ குழுவில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. செப்டம்பர் 11 அன்று ஸ்டூடியோவுக்குப் போனால், ஆண்டி வைட் என்ற ஸ்டூடியோ டிரம்மர் உட்கார்ந்திருக்கிறார். ரிங்கோ கையில் கஞ்சிரா மாதிரி இருக்கும் டாம்பரினைக் கொடுத்தார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பிற்பாடு அதற்காக அவரிடம் வருத்தம் தெரிவித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. சென்னைக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு ஸ்டூடியோ வாசலில் இறங்கினால், நான் வாசிக்க வேண்டிய பாட்டுக்கு முந்தின இரவே ரிதம் மெஷினில் போட்டு முடித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது கால் நடுங்கியது. ரிங்கோ அந்த டாம்பரினை வாசித்துவிட்டு, அடுத்த நாளும் வந்து உட்கார்ந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அவர் இல்லாதபோது என்ன ஆனது என்பதும் பதிவில் இருக்கிறது. 1964 ஜூனில் தொண்டை நோயால் அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, சில கச்சேரிகளுக்கு ஜிம்மி நிக்கல் வாசித்தார். ரிங்கோ இல்லாமல் பயணமே வேண்டாம் என்று ஹாரிசன் அப்போது எதிர்த்தார். 1968 ஆகஸ்டில் மனம் நொந்து குழுவை விட்டுப் போன ரிங்கோவுக்கு, நீதான் உலகின் மிகச் சிறந்த ராக் அண்ட் ரோல் டிரம்மர், வந்துவிடு என்று மற்றவர்கள் தந்தி அடித்தார்கள். திரும்பி வந்தபோது அவருடைய டிரம்ஸ் செட் முழுக்கப் பூவால் மூடியிருந்தது. கூட வாசித்த மூவருக்கும் இருந்த தெளிவைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

பாட்டு எழுதியவர்களுக்குத்தான் முதலிடம், அவர் எழுதியது சொற்பம் என்று நீங்கள் சொல்லக்கூடும். எழுதியது குறைவுதான். ‘எ ஹார்ட் டேஸ் நைட்’, ‘டுமாரோ நெவர் நோஸ்’ என்ற இரண்டு தலைப்பும் அவர் வாயில் தற்செயலாக வந்த சொற்கள், ஆனால் பாட்டு உரிமையில் அவர் பெயர் கிடையாது. அந்த உரிமைகளை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் நிறுவனம் 1965-இல் பங்குச்சந்தைக்கு வந்தபோது லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் ஆளுக்கு 15 சதவீதம். ஹாரிசனுக்கும் ரிங்கோவுக்கும் சேர்த்தே 1.6 சதவீதம். இது உங்கள் தவறில்லை. ஆனால் இசையுலகம் டிரம்மரின் பங்கைக் கணக்கில் எடுக்காமல் விட்ட இடத்தில் அதைச் சரிசெய்யத்தானே உங்கள் மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது? உங்கள் மண்டபத்திலேயே இருக்கும் ஆர்.இ.எம். குழு, டிரம்மர் உட்பட நால்வர் பெயரையும் போட்டுத்தான் பாட்டுகளை வெளியிட்டது. யு2 குழுவும் இசைக்குக் குழுவின் பெயரைத்தான் போடுகிறது. வழி இல்லாமல் இல்லை.

தனிக் கலைஞராக அவர் சாதிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1971 முதல் 1975 வரை அமெரிக்கத் தரவரிசையில் அவருடைய ஏழு சிங்கிள்கள் (தனிப் பாட்டாக வெளியிடும் இசைத்தட்டுகள்) வரிசையாக முதல் பத்துக்குள் வந்தன. அதில் இரண்டு முதலிடம். 1989 முதல் சொந்தமாக ஒரு குழுவை வைத்து ஊர் ஊராக வாசித்து வருகிறார். முதல் தனி ஆல்பம் 1970-இல் வந்தது. உங்கள் 25 வருட விதிப்படி 1995-லேயே தகுதி பெற்றுவிட்டார். இருபது வருடம் கழித்துத்தான் கூப்பிட்டீர்கள். அப்போதும் வேறு வாசலைக் காட்டினீர்கள்.

அதே 2015 டிசம்பரில், அவர் பீட்டில்ஸ் காலத்தில் வாசித்த லுட்விக் டிரம்ஸ் செட் 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்த காட்சியையும் நினைத்துப் பாருங்கள்: உயர்ந்த மேடையில் அவர், முன்னால் மூவர். அந்த இரவைப் பார்த்துத்தான் குச்சியைக் கையில் எடுத்தேன் என்று சொன்ன டிரம்மர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் உங்கள் மண்டபத்திலேயே இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

ஒரு தடவை ஒரு பிரிவில் சேர்த்தால் மாற்ற முடியாது என்ற பதிலை மட்டும் சொல்லாதீர்கள். கரோல் கிங்கை 1990-இல் பாடலாசிரியராகச் சேர்த்தீர்கள். 2021-இல் அவரையே பெர்ஃபார்மர் பிரிவில் மறுபடி சேர்த்தீர்கள். அது நல்ல முடிவு. அந்தக் கதவை ரிங்கோவுக்கும் திறக்கச் சொல்கிறேன்.

ஆகவே நான் கேட்பவை இவை. ரிங்கோ ஸ்டாரின் பெயரை அடுத்த தேர்வுச் சுற்றிலேயே பெர்ஃபார்மர் பிரிவுக்குப் பரிந்துரைத்து வாக்கெடுப்புக்கு விடுங்கள். அவர் 1940-இல் பிறந்தவர். காத்திருக்கச் சொல்கிற வயது இல்லை. மேடையில் அவரே வந்து நின்று வாங்க வேண்டும்.

அருங்காட்சியகத்தில் அவருடைய வாசிப்புக்கென ஓர் இடம் ஒதுக்குங்கள். ஹெட்போனை மாட்டினால் ‘ரெயின்’ பாட்டின் டிரம்ஸ் தடம் மட்டும் தனியாகக் கேட்க வேண்டும். பிறகு பாட்டோடு சேர்ந்து கேட்க வேண்டும். இடது கைப் பழக்கத்தால் அந்த வாசிப்பு எப்படி உருவானது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். லெனன் பெயரில் சுற்றும் அந்தப் பொய் வசனம் பொய் என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

அப்புறம், உங்கள் அரங்கில் எந்தக் குழுவின் எந்தப் பாட்டைப் பற்றி எழுதினாலும் அதில் டிரம்ஸ் வாசித்தவர் யார் என்பதை அந்தப் பலகையிலேயே போடுங்கள். ஸ்டூடியோவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவராக இருந்தாலும் சரி, முழுப் பெயரோடு போடுங்கள்.

இந்த மடலை என் மகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உங்கள் முகவரிக்கு அனுப்புகிறாள். ஏற்கிறீர்களா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்கவில்லை என்றால், மூவருக்கு ஒரு பிரிவும் ரிங்கோவுக்கு வேறு பிரிவும் ஏன் என்ற காரணத்தைச் சேர்த்து எழுதுங்கள். என் மாணவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
டிரம்ஸ் ஆசிரியர் ஒருவர்,
பொன்மலை, திருச்சி.